வேனில் இருவர், ஆர்க்டிக் கடல் வரை: டெம்ப்ஸ்டர் சாலைக்குத் தயாராவது எப்படி?

கனடாவின் யூகோன் பகுதியில் டாசன் சிட்டி என்றொரு பழைய தங்கவேட்டை ஊர் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 910 கி.மீ. ஓட்டினால் சாலை ஆர்க்டிக் கடலில் போய் முடியும். வழியில் பெரிய நகரம் எதுவும் கிடையாது. பெட்ரோல் கிடைக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு ஆறுகளைப் படகில் கடக்க வேண்டும். கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறையாது. நானும் என் கணவரும் டொராண்டோவில் இருந்து எங்கள் வேனில் போய் அங்கே ஒரு கோடையைக் கழித்தோம். அப்போது பழகிக்கொண்டதை, வேன் வாழ்க்கைக்கே புதியவர்களும் பின்பற்றும்படி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வடக்கில் ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று திட்டம் போட்டால் அது நிற்காது. அடுத்த பெட்ரோல் எங்கே, படகு ஓடுகிறதா, இருவரும் நன்றாகத் தூங்கினோமா என்பதை வைத்துத்தான் நாள் நகரும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை ஒட்டியவைதான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டெம்ப்ஸ்டர் சாலை பீல், மெக்கென்ஸி என்ற இரண்டு ஆறுகளைக் கடக்கிறது. பாலம் இல்லை. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டிகள் போகும். கோடையில் அரசின் இலவசப் படகு. பனி உடையும் வசந்தத்திலும் ஆறு உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் இரண்டுமே இல்லாத சில வாரங்கள் உண்டு. ஆகவே பயணம் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை வெளிச்சமும் அதிகம், கொசுவும் அதிகம். ஆகஸ்ட் கடைசியில் டூம்ஸ்டோன் மலைச்சரிவுகள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும், கொசு குறையும், இரவு திரும்ப வருவதால் துருவ ஒளியும் தென்படலாம். ஆனால் குளிர் ஏறிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் ஜூலையைத்தான் சொல்வேன். நடுநிசிச் சூரியனுக்காகப் போகிற பயணம் இது. கொசுவுக்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

படி 2: டாசன் சிட்டி வரை போய்ச் சேருங்கள்

டொராண்டோவில் இருந்து எட்மன்டன் வழியாக டாசன் கிரீக் வரை சுமார் 4,000 கி.மீ. இந்த டாசன் கிரீக் வேறு ஊர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. 1942-இல் அமெரிக்க ராணுவம் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் இடம் அது. அங்கிருந்து யூகோனில் இருக்கும் டாசன் சிட்டிக்கு இன்னும் 1,900 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். வரைபடத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வழியில் லியார்ட் வெந்நீர் ஊற்றில் இறங்கிக் குளிக்காமல் போகாதீர்கள். பல நாள் ஓட்டிய முதுகுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. வாட்சன் லேக்கில் ஊர்ப்பெயர்ப் பலகைகளாலேயே ஆன ஒரு காடு இருக்கிறது. சாலை போட வந்து வீட்டு நினைவில் வாடிய ஒரு ராணுவ வீரர், 1942-இல் தன் ஊர்ப் பலகையை அங்கே நட்டு வைத்ததில் தொடங்கியது அது.

நேரம் குறைவு என்றால் யூகோனின் தலைநகரான வைட்ஹார்ஸுக்கு விமானத்தில் போய் வேனை வாடகைக்கு எடுக்கலாம். அப்படியானால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். டெம்ப்ஸ்டர் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் தெளிவாகவே எழுதியிருக்கும். மீறிப் போனால் காப்பீடு செல்லாது.

காட்டுத்தீக்காகவும் நாட்களை ஒதுக்குங்கள். 2024 மே மாதம் அலாஸ்கா நெடுஞ்சாலையில் உள்ள ஃபோர்ட் நெல்சன் ஊரே தீயால் காலி செய்யப்பட்டது. சாலை மூடினால் மாற்றுவழி என்று எளிதில் ஒன்றும் இருக்காது. எங்காவது நிறுத்திக் காத்திருக்க வேண்டியதுதான். திரும்பி வேலைக்குப் போக வேண்டிய தேதிக்கு முன் ஒரு வாரமாவது காலியாக விடுங்கள்.

படி 3: டயரில் இருந்து தொடங்குங்கள்

வேன் வாழ்க்கை என்றதும் எல்லோரும் மெத்தை, அலமாரி, விளக்கு என்று தொடங்குகிறார்கள். இந்தச் சாலைக்கு டயர்தான் முதலில்.

டெம்ப்ஸ்டர் பெரும்பாலும் சரளைக்கல் சாலை. அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைமண். அதன் மேல் நேரடியாகச் சாலை போட்டால் மண் உருகி எல்லாம் உள்வாங்கிவிடும் என்பதால், தடிமனான சரளை மேடையைக் கட்டி அதன் மேல் சாலையை ஓட்டியிருக்கிறார்கள். சில பகுதிகளில் அந்தக் கல் கத்திபோல் கூர்மையானது. நகரச் சாலைக்கான மெல்லிய டயர் தாங்காது. பாரவண்டிகளுக்கான 10 அடுக்கு வலிமை உள்ள டயர்களைப் போடுங்கள். முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், இடமிருந்தால் இரண்டு. கூடவே பஞ்சர் ஒட்டும் பெட்டி, 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பு, வேனின் எடையைத் தூக்கும் ஜாக்கி, சரளையில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டு. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே இருவரும் தனித்தனியாக ஒருமுறை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

எரிபொருள் கணக்கு எளிது. டாசன் சிட்டியில் நிரப்பினால், அடுத்து நம்பக்கூடிய பம்பு ஈகிள் ப்ளெயின்ஸில், சுமார் 410 கி.மீ. தள்ளி. உங்கள் வேன் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கும் என்றால் 50 லிட்டர் தேவை. சேற்றிலும் எதிர்க்காற்றிலும் இது கூடும். அதனால் 20 லிட்டர் கேன் ஒன்றை நிரப்பி, வேனுக்கு வெளியே கட்டுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரு நல்ல செய்தி: சூரியன் மறையாததால் வேன் கூரையில் உள்ள சூரிய மின்தகடு இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னேற்றும். ஆனால் சூரியன் தாழ்வாகவே சுற்றி வருவதால், படுக்கையாக ஒட்டிய தகடு தெற்கே தரும் அளவுக்குத் தராது. ஓட்டும்போது எஞ்சினில் இருந்தும் மின்னேற்றும் இணைப்பு இருந்தால் கவலை இல்லை. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. ஆகஸ்ட் இரவுகளில் மலைப்பகுதியில் அந்தக் குளிர் வரும். பேட்டரியை வேனுக்கு உள்ளே வையுங்கள்.

படி 4: இருட்டை நீங்களே உண்டாக்குங்கள்

டெம்ப்ஸ்டர் சாலை முடியும் இனுவிக் ஊரில் மே கடைசியில் இருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதே இல்லை. முதல் சில நாட்கள் கொண்டாட்டமாக இருக்கும். இரவு பதினொரு மணிக்கு நடக்கப் போவீர்கள், ஒரு மணிக்குத் தேநீர் போடுவீர்கள். அப்புறம் உடம்பு தடுமாறும். ஒருவருக்குத் தூக்கம் வரும்போது மற்றவருக்குப் பசி வரும். சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று பேச்சு வரும். வேனுக்குள் போய் ஒதுங்க இன்னொரு அறை இல்லை.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, ஒவ்வொரு கண்ணாடிக்கும் அலுமினியம் பூசிய குமிழ்த்தாளை அளவெடுத்து வெட்டி, ஓரத்தில் காந்தமோ ஒட்டுப்பட்டையோ வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடியையும் விடாதீர்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனமான திரை ஒன்று. இரண்டாவது, கடிகாரத்துக்குக் கட்டுப்படுங்கள். இரவுச் சாப்பாடு இத்தனை மணி, விளக்கணைப்பது இத்தனை மணி என்று இருவரும் ஒத்துக்கொண்டு, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அதை மாற்றாதீர்கள்.

கொசு விஷயம். ஜன்னலுக்கும் கூரை விசிறிக்கும் வலை போதும் என்று நினைப்பார்கள். உள்ளே வருவது பக்கக் கதவு வழியாகத்தான். அதற்குக் காந்தம் வைத்த வலைத்திரை போடுங்கள். வெளியே தலையோடு மூடும் வலைச்சட்டை, டீட் அல்லது இகாரிடின் கலந்த பூச்சுமருந்து. முகாமுக்கு மரங்கள் அடர்ந்த ஒதுக்குப்புறத்தைத் தேடாமல் காற்றடிக்கும் திட்டைத் தேடுங்கள். காற்று இருக்கும் இடத்தில் கொசு நிற்காது.

படி 5: சமையல், தண்ணீர்

கடைசிப் பெரிய சூப்பர் மார்க்கெட் வைட்ஹார்ஸில். அதற்கு மேலே விலை ஏறும், காய்கறி குறையும். அரிசி, பருப்பு, புளி, பொடிகள், வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றை அங்கேயே நிரப்புங்கள். கறிவேப்பிலையை முன்பே காயவைத்துப் பொடியாக்கிக்கொள்ளலாம். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று போதும். எரிவாயுவும் மிச்சம், ஜன்னலில் நீராவி படிவதும் குறையும். அடுப்புக்குப் புரொபேன் வாங்குங்கள். சின்ன பியூட்டேன் டப்பா குளிரில் எரியாது. உள்ளே சமைக்கும்போது கூரை விசிறி ஓட வேண்டும், கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் வேனில் படுக்கவே கூடாது.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு. குடிக்க, சமைக்க, முகம் கழுவ என்று பார்த்துச் செலவழித்தால் இருவருக்கும் மூன்று நாள் வரும். யூகோன் அரசு முகாம்களில் கைப்பம்பு இருக்கும், அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். அங்கே விறகு இலவசம், குளியல் கிடையாது. குளிக்கவும் துணி துவைக்கவும் ஊர்களில் வசதி உண்டு.

கரடி நாடு இது. கருங்கரடியும் கிரிஸ்லியும் உண்டு. சாப்பாடு, குப்பை, பற்பசை, எண்ணெய் படிந்த தோசைக்கல் எதுவும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய நீரை முகாமருகே கொட்டாதீர்கள். கரடி ஸ்பிரேயை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் இருந்தால் உதவாது.

படி 6: சாலையில் இறங்குங்கள்

டாசன் சிட்டியில் வடமேற்கு நிலப்பரப்புகளுக்கான பயணியர் தகவல் மையம் இருக்கிறது. கிளம்பும் நாள் காலையில் அங்கே போய்ப் படகு, வானிலை, காட்டுத்தீ மூன்றையும் கேளுங்கள். ஆற்றில் வெள்ளம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். இதற்கு மேலே வெகுதூரம் செல்போன் சிக்னல் கிடையாது. வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றையும் வாங்குங்கள்.

முதல் இரவு டூம்ஸ்டோன் பூங்காவில், சாலையின் 71-வது கிலோமீட்டர் அருகே. முகாமுக்குச் சற்று வடக்கே பார்வைமேடை வரும். கருத்த கூர்மலைகள் பள்ளத்தாக்கின் கோடியில் வரிசையாக நிற்கும். அங்கே அவசரப்படாதீர்கள். எனக்கு மொத்தச் சாலையிலும் பிடித்த இடம் அதுதான்.

ஓட்டும் முறை: மணிக்கு 70 கி.மீ.க்கு மேல் தேவையில்லை. விளக்கு எப்போதும் எரியட்டும். எதிரே லாரி வந்தால் ஓரங்கட்டி வேகத்தை நன்றாகக் குறையுங்கள். முன் கண்ணாடி உடைவது பறக்கும் கல்லால்தான். ஓரத்தின் மண் மென்மையானது, விளிம்புக்குப் போகாதீர்கள். தூசியை அடக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு மழையில் வழுக்கும் சேறாகிவிடும். மழை பெய்தால் நிறுத்திவிட்டு ஒரு நாள் காத்திருக்கலாம். இருவரில் யார் ‘போதும், நிறுத்து’ என்றாலும் மற்றவர் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். வேன் பயணத்துக்கு இதைவிட நல்ல விதியை நான் காணவில்லை.

ஈகிள் ப்ளெயின்ஸில் பெட்ரோல், உணவு, டயர் பழுதுபார்ப்பு எல்லாம் உண்டு. அடுத்து 405-வது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம், 465-இல் யூகோன் எல்லை, அதற்கு அப்பால் வடமேற்கு நிலப்பரப்புகள். எல்லை தாண்டியதும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள், ஏனென்றால் 2020-க்குப் பிறகு யூகோனில் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை. படகு இரவு முழுவதும் ஓடாது என்பதால் இந்த ஒரு மணி நேரம் முக்கியம்.

பீல் ஆற்றைக் கடந்தால் க்விச்சின் மக்களின் ஊரான ஃபோர்ட் மெக்ஃபர்சன். 1911-இல் டாசனை நோக்கிப் போய்ப் பனியில் வழிதவறி இறந்த நான்கு காவலர்களின் கல்லறை இங்கே இருக்கிறது. அவர்களைத் தேடிப் போன வில்லியம் டெம்ப்ஸ்டரின் பெயரைத்தான் இந்தச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியாக வரத் தயாராக இருந்த பழங்குடி ஆளை அந்தக் குழுவின் தலைவர் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளூர்க்காரர் ‘இன்று போகாதே’ என்று சொன்னால் கேட்க வேண்டும் என்பதற்கு அந்தக் கல்லறையே போதும்.

படி 7: வடக்கில் தங்குங்கள்

பலர் கடலைத் தொட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போய் அது வீண். இனுவிக்கில் சில நாளாவது இருங்கள். வட்டவடிவமான வெள்ளைத் தேவாலயம், வினிபெக்கில் கட்டி 2010-இல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கொண்டுவரப்பட்ட மசூதி, பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குள் ஊர்மக்கள் சேர்ந்து வளர்க்கும் காய்கறித் தோட்டம், இவற்றை எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

அங்கிருந்து கடற்கரை ஊரான டுக்டொயாக்டக் வரை சுமார் 138 கி.மீ. 2017 நவம்பரில்தான் இந்தச் சாலை திறந்தது. அதற்கு முன் கோடையில் அந்த ஊருக்குத் தரைவழியே கிடையாது. இது இனுவியாலுயிட் மக்களின் நிலம், ஆகவே கண்ட இடத்தில் வேனை நிறுத்திப் படுக்காமல், அனுமதித்த இடத்தைக் கேட்டுத் தங்குங்கள். ஊருக்கு அருகே பிங்கோ எனப்படும் குன்றுகள் நிற்கின்றன. உள்ளே பனிக்கட்டி வளர்ந்து மண்ணை மேலே தள்ளி உருவானவை. இப்யுக் என்பது 49 மீட்டர் உயரம், கனடாவிலேயே பெரியது. அதன்மேல் ஏறாமல் பார்வைமேடையில் இருந்து பாருங்கள். கடலரிப்பில் கரை ஆண்டுதோறும் கரைகிறது, வீடுகளைப் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். வீட்டு வாசல்களையோ மீன் உலர்த்தும் கொட்டகைகளையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இனுவிக்கில் வியர்க்கும் நாளிலும் இங்கே கடற்காற்றுக்குத் தடித்த ஜாக்கெட் வேண்டும். கடலில் இறங்குவதென்றால் மாற்றுத்துணியையும் வெந்நீரையும் முன்பே தயாராக வைத்துவிட்டு, ஒருவர் கரையில் நிற்க மற்றவர் இறங்குங்கள்.

படி 8: திரும்பி வந்ததும்

வந்த வழியேதான் திரும்ப வேண்டும். டாசன் சிட்டி வந்ததும் முதல் வேலையாக வேனின் அடிப்பாகத்தை அழுத்தமான நீரில் கழுவுங்கள். ஒட்டிய கால்சியம் குளோரைடு இரும்பை அரிக்கும். காற்று வடிகட்டியை மாற்றுங்கள். சக்கர நட்டுகளை இறுக்குங்கள். அலமாரித் திருகுகள் அதிர்வில் தளர்ந்திருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன் கண்ணாடியில் சின்ன விரிசல் இருந்தால் தெற்கே கிளம்பும் முன் அங்கேயோ வைட்ஹார்ஸிலோ பிசின் அடைத்துவிடுங்கள். விட்டால் அது கண்ணாடி முழுக்க ஓடிவிடும்.