பாஸ்வேர்டு கொடுக்காமலே கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

ஒரு செயலியில் ‘கூகுள் கணக்கு மூலம் நுழைக’ என்பதைத் தொட்டால் கூகுளின் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டை அங்கேதான் தருகிறோம். செயலிக்கு அது தெரியாது. அதன் கைக்குப் போவது டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு மட்டுமே. இந்த முறைக்கு ஓஆத் (OAuth) என்று பெயர். இன்று புழக்கத்தில் இருக்கும் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது.

பாஸ்வேர்டுதான் போகவில்லையே என்ற தைரியத்தில் பலரும், செயலி எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறது என்று திரையில் வரும் பட்டியலைப் படிக்காமலே ‘அனுமதி’யை அமுக்கிவிடுகிறார்கள். 2017 மே மாதம் நடந்தது இதுதான். தெரிந்தவர் ஒருவர் கூகுள் டாக்ஸில் கோப்பு பகிர்ந்திருப்பதாக மின்னஞ்சல் வரும். தொட்டால் அசல் கூகுள் பக்கமே திறக்கும், முகவரியிலும் தப்பு இருக்காது. ஆனால் அனுமதி கேட்டது, ‘கூகுள் டாக்ஸ்’ என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட யாரோ ஒருவரின் செயலி. மின்னஞ்சலைப் படிக்க, அனுப்ப, அழிக்க, தொடர்புப் பட்டியலைக் கையாள என்று அது கேட்டதெல்லாம் திரையில் எழுதியே இருந்தது. ஒரு கோப்பைத் திறக்க இதெல்லாம் எதற்கு? அந்தப் பெயரைத் தொட்டிருந்தால், உருவாக்கியவர் விவரத்தில் கூகுள் நிறுவனத்தின் முகவரி இல்லாமல் யாரோ ஒரு தனி ஆளின் மின்னஞ்சல் முகவரி வந்திருக்கும். அனுமதித்தவரின் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே மின்னஞ்சல் பறந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அடக்கிவிட்டது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் இங்கே கைகொடுக்காது, கதவைத் திறந்துவிடுவது கணக்குக்காரரேதானே.

நல்ல நிறுவனம் என்றாலும் பட்டியலைப் பாருங்கள். 2016இல் போக்கிமான் கோ என்ற விளையாட்டுச் செயலி, ஐபோனில் கூகுள் கணக்கின் முழு அனுமதியையும் கேட்டு, தவறுதலாக நடந்தது என்று பிறகு திருத்திக்கொண்டது.

கூகுள் பக்கத்துக்கு அனுப்பாமல் தன் சொந்தப் பெட்டியிலேயே ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கும் செயலியா? யோசிக்காமல் மூடிவிடுங்கள்.

சந்தேகம் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பல சேவைகளில் அதற்குப் பிறகும் பழைய டோக்கன் செல்லும். செயலியைப் போனிலிருந்து அழித்தாலும் அனுமதி அப்படியேதான் இருக்கும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியிலும் ஃபேஸ்புக் அமைப்புகளிலும் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியல் இருக்கிறது. அங்கே போய்த்தான் நீக்க வேண்டும். எப்போதோ ஒரு வினாடி வினாவுக்குக் கொடுத்த அனுமதிகூட அதில் கிடக்கலாம். நீக்கினாலும் அதுவரை எடுத்த தரவு செயலிக்காரர்களிடமே இருக்கும். அழிக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கேளுங்கள்.