சின்ன ரேடியோ நிலையத்தில் எல்லோரும் நிம்மதியாக வேலை பார்க்க என்ன செய்யலாம்?

வேலூர் பக்கம் ஒரு சமுதாய வானொலியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் ஒலிபரப்பு, சம்பளத்துக்கு நாலைந்து பேர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். மரியாதை குறைந்தால் தன்னார்வலர் சொல்லாமலே நின்றுவிடுவார்.

படி 1: ஷிப்ட் அட்டவணை

முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். காலை 6 மணி ஷிப்டைக் குடியாத்தத்திலிருந்து வருபவர் தலையில் கட்டாதீர்கள். பாகாயத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் நோன்பாளியை நேரலையில் உட்கார வைக்க வேண்டாம். பொங்கலன்று அவரே மனமுவந்து உட்காருவார், பாருங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்துப் போகும் பெண்ணுக்கு ஆட்டோ காசு நிலையத்தின் செலவு.

படி 2: நேரலையில் தப்பு நடந்தால்

ஒரு நிலையத்தின் குணம் தெரிவது இங்கேதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் முள்ளுக் கத்தரிக்காயைப் பற்றி விவசாயி ஒருவர் போனில் பேசுகிறார். புது அறிவிப்பாளர் போன் ஃபேடரை (போன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) ஏற்ற மறந்துவிட்டார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. நேரலையைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்போது, டாக்பேக்கில் (அறிவிப்பாளர் காதுக்கு மட்டும் கேட்கும் உள் மைக்கில்) “போன் ஃபேடரை ஏத்துங்க” என்பது மட்டும் போதும். “என்னம்மா பண்றே?” என்று கேட்டால் அடுத்த அரை மணி நேரமும் குரல் நடுங்கும்.

ஷிப்ட் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து, முதலில் அவரைப் பேச விடுங்கள். ஒலிபரப்பில் நடந்ததைக் குறிக்கும் லாக் புத்தகத்தில் ஆள் பெயர் வேண்டாம்: “6.40, போன் லைன் 20 விநாடி கேட்கவில்லை, ஃபேடர் கீழே இருந்தது.” அப்புறம் ஃபேடர்கள் இருக்கும் கன்சோலைப் பாருங்கள். எது போன் ஃபேடர் என்று லேபிளே இருக்காது! ஒரு துண்டு டேப் ஒட்டினால் வேலை முடிந்தது.

படி 3: பேச்சைக் கிண்டல் செய்யாதீர்கள்

ஆர்க்காட்டுப் பேச்சோ, உருது கலந்த தமிழோ, அப்படியே வரட்டும். சமுதாய வானொலி விதிகளே உள்ளூர் மொழியையும் வட்டார வழக்கையும்தான் விரும்புகின்றன.

படி 4: புகாருக்கு ஒரு வழி

10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் தொல்லை தடுப்புக்கான 2013 சட்டப்படி நிலையத்துக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். ஊதியமில்லாத தன்னார்வலரும் சட்டத்தின் கண்ணில் ஊழியரே. பலர் இதைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த விவரத்தையும் தொடர்பு எண்ணையும் ஸ்டுடியோ கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.