இஎக்ஸ்இ படித்த மாடலைப் பிடிஎஃப்புக்குப் பழக்கியது

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. பென்டிரைவில் வரும் ஃபைல்களைச் சலிக்க, இஎக்ஸ்இ-யில் (விண்டோஸ் புரோகிராம் ஃபைல்) பயிற்சி பெற்ற, வைரஸ் கண்டுபிடிக்கும் ஏஐ மாடலை அப்படியே போட்டால் பட்டா, ஹால் டிக்கெட் எல்லாமே வைரஸ் என்றது. பிடிஎஃப்புக்குள் ஃபாண்ட், படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே இருக்கும். சுருங்கிய பைட்டுகளின் என்ட்ரோபி, அதாவது எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்ற அளவு, உச்சமான 8-ஐ நெருங்கும். பேக் செய்த, அதாவது சுருக்கி மறைத்த வைரஸும் அப்படித்தான் தெரியும். மாடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் பிடிஎஃப்புக்குள் சுருங்கிக் கிடக்கும் ஃபிளேட் ஸ்ட்ரீம்களை விரித்தேன். மேக்ரோ (உள்ளே ஓடும் குட்டி புரோகிராம்) உள்ள வேர்டு ஃபைலான டாக்எம் வெறும் ஜிப்தான், ஆனால் உள்ளே அந்த மேக்ரோ மறுபடி சுருங்கிக் கிடக்கும். ஓலேவிபிஏ என்ற டூல் அதை வெளியே எடுக்கும்.

பிறகு மாடலின் அடி லேயர்களை மாறாதபடி உறையவைத்து, மேல் லேயர்களை மட்டும் முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்கு லேர்னிங் ரேட்டில் (ஒவ்வொரு முறையும் மாடல் மாறும் அளவு) பயிற்றினேன். இஎக்ஸ்இ, ஆவணம் என இரண்டு வகையிலும் நல்ல ஃபைல், கெட்ட ஃபைல் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இஎக்ஸ்இ-யின் தொடக்க பைட்டுகளான 'எம்இசட்'டையே வைரஸ் என்று மனப்பாடம் செய்துவிடும். டெஸ்ட் ஃபைல்கள் பயிற்சிக்குப் பிந்தைய தேதியிலிருந்து.