எம்.பி.டி. மாணவர்கள் தேதியில் வழுக்கும் இடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பையன் காரைக்குடியில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தான். எம்.பி.டி., அதாவது பிசியோதெரபி முதுகலைப் படிப்பின் முதல் வருடத்தை முடிக்கப் போகிறவன். கையில் ஒரு கட்டு அசெஸ்மென்ட் ஷீட். "சார், உங்ககிட்ட மூட்டுத் தேய்மானம் நிறைய வருமே, தீசிஸுக்கு முப்பது பேர் மட்டும் குடுங்க சார்" என்றான், பலகாரக் கடையில் முறுக்கு கேட்பதுபோல. ஆய்வுக்கு அனுமதி தருகிற எதிக்ஸ் கமிட்டியின் கடிதம் எங்கே என்றேன். "அடுத்த மாசம் மீட்டிங் சார், வந்துடும். அதுக்குள்ள டேட்டா எடுத்து வெச்சுக்கலாம்னு..."

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அவனை உட்காரவைத்துச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். வகுப்புக்குப் போ, காப்பி அடிக்காதே வகையறாவை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

பி.பி.டி.யின் நீட்டிப்பு என்று நினைப்பது

நான் படித்தபோது பி.பி.டி. என்ற இளங்கலை நான்கு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும். அதில் 'எப்படிச் செய்வாய்?' என்று கேட்பார்கள். எம்.பி.டி.யின் இரண்டு வருடமும் கேட்பது 'ஏன்?' என்பதை. ஏன் இந்தப் பயிற்சி, ஏன் இந்த நோயாளிக்கு, எதைப் பார்த்து நிறுத்துவாய்? வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "ஏன் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கொடுத்தாய்?" என்றால் "டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்" என்று பதில் சொல்கிறவர்கள் இன்னமும் உண்டு. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில், யாரும் படிக்காமல் புரட்டிவிடும் அந்த 'நோக்கங்கள்' பகுதியைப் படித்தாலே எக்ஸாமினர் எதைத் தேடுகிறார் என்று புரியும்.

அனுமதிக்கு முன்னால் டேட்டா எடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என்மேல்தான்.

என் தீசிஸ் முழங்கால் தேய்மானத்துக்கான இரண்டு வகைப் பயிற்சிகளின் ஒப்பீடு. முப்பது பேர் வேண்டும். மே மாத விடுமுறையில் ஊருக்கு வந்தவன், பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் தெரிந்த வீடுகளில் தொடங்கிவிட்டேன். எதிக்ஸ் கமிட்டி என்பது மருந்து கொடுக்கிறவர்களுக்கு, நாம் காலை நீட்டி மடக்கத்தானே சொல்கிறோம் என்பது என் நினைப்பு. பதினொரு பேருக்கு ஆறு வாரம் முடித்துவிட்டேன். கமிட்டியின் கடிதம் வந்தது ஆகஸ்டில்.

அப்புறம்தான் சம்மதப் படிவம் நினைவுக்கு வந்தது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சியிடம் படிவத்தை நீட்டி, தேதியை நான் போட்டுக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி முழுவதும் படித்தார்.

"ஏந்தம்பி, நீ வைத்தியம் பாத்து முடிச்சு ஒரு மாசம் ஆச்சு. இப்ப வந்து, பாக்கலாமான்னு எங்கிட்ட கேக்குதே இந்தக் காகிதம்?"

நான் அசடு வழிந்தேன்.

"எங்க அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வட்டித் தொழிலுக்குப் போனவுக. பேரேட்டுல முன்தேதி போட்டா அந்தக் கணக்கப்பிள்ளைக்கு அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிடும். நீ படிச்ச பிள்ளை."

கையெழுத்துப் போடவில்லை. காபி மட்டும் வந்தது.

கல்லூரிக்குத் திரும்பியதும் என் கைடு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அனுமதிக் கடிதம், இன்னொன்று முதல் நோயாளியின் ஷீட். தேதிகளைப் பார்த்துவிட்டுப் பதினொன்றையும் அடித்துவிட்டார். அவர்களையே மறுபடி சேர்க்கலாமா என்று கெஞ்சினேன். முடியாது. ஏற்கெனவே பயிற்சி செய்து தேறியவர்களைப் புதிதாக வந்தவர்களோடு எப்படி ஒப்பிடுவது? புதிதாகப் பதினொரு பேரைப் பிடித்து ஆறு வாரம் ஓட்டி முடிப்பதற்குள் சமர்ப்பிக்கும் நாள் போயிற்று, தேர்வும் போயிற்று. ஆறு மாதம் ஹாஸ்டல் கட்டணம் கட்டிக்கொண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்தேன்.

இப்போது கெடுபிடி இன்னும் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள், மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வு எதுவானாலும் கமிட்டியின் பார்வைக்கு முதலில் போக வேண்டும் என்கின்றன. உடற்பயிற்சி என்றால் விலக்கு என்று ஒன்றும் இல்லை. சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து அங்கே முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால் வருகிற பதிவை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் கமிட்டி கடிதத்தை ஏற்ற வேண்டும், திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நாள் பிடிக்கும். ஆகவே வரிசை இதுதான்: கடிதம், பதிவு எண், சம்மதம், அதற்குப் பிறகே முதல் அளவு.

சம்மதம் என்றால் தமிழில், அவர்களுக்குப் புரிகிற தமிழில். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்து வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகலை அவர்களிடமே கொடுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். நீங்கள் தொலைத்தாலும் அங்கே இருக்கும்.

"வலி குறைய வேண்டும்" என்று இலக்கு எழுதுவது

எவ்வளவு, எப்போது, எதற்காக? செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து இரண்டாங்கட்டு என்று போனால் எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சமதரையில் நடக்க முழங்கால் அறுபது, எழுபது டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ தொண்ணூறாவது வேண்டும். குந்தி உட்கார நூற்றிருபதையும் தாண்ட வேண்டும். கொல்லைப்புறத்தில் பழைய கழிப்பறை இருக்கிற வீட்டுக்கு ஒரு இலக்கு, பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி வெஸ்டர்ன் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வேறு இலக்கு. "நான்கு வாரத்தில், பிடிமானம் இல்லாமல் திண்ணைப் படி மூன்றும் ஏறி இறங்குவார்" என்று எழுதினால் அளக்கலாம். வலி குறைவதை எந்த இடத்தில் நின்று அளப்பீர்கள்?

கேள்வித்தாளை வீட்டிலேயே மொழிபெயர்ப்பது

மூட்டுத் தேய்மானத்தை மதிப்பிடும் வோமாக் என்ற அளவுகோலில் 24 கேள்விகள். வலிக்கு 5, இறுக்கத்துக்கு 2, அன்றாடச் செயல்களுக்கு 17. அதில் ஒன்று குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது. ஒரு மாணவி இதை ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற அம்மாவிடம் "தொட்டிக்குள்ள எறங்க முடியுதா?" என்று கேட்டாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியைக் காட்டி, அதுக்குள்ள எதுக்குத் தாயி நான் எறங்கணும் என்றார். அவர் நாள் முழுக்கச் செய்வது குந்தி உட்காருவதும் தரையிலிருந்து எழுவதும்தான். அதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. முறைப்படி மொழிபெயர்த்துச் சரிபார்த்த பதிப்பைத் தேடுங்கள், உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். ராத்திரி உட்கார்ந்து நீங்களாகத் தமிழாக்கினால் அது வேறு அளவுகோல்.

லாக் புக்

பார்த்த கேஸை அன்றன்றைக்கே அதில் எழுதுங்கள். நூறு கேஸும் ஒரே பேனா மையில் இருந்தால் எக்ஸாமினருக்குத் தெரியும்.

பி-வேல்யூவைக் கட்டிக்கொண்டு அழுவது

பி-வேல்யூ என்பது முடிவு தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் எண். எண் நன்றாக வந்திருக்கிறது, சரி. ஆச்சி படி ஏறினாரா?

காலண்டர் பார்க்காமல் ஆறு வாரம் குறிப்பது

அந்தப் பையனின் திட்டத்தில் சிகிச்சைக் காலம் தை முதல் வாரம் தொடங்கியது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு பாதயாத்திரை கிளம்பும். மூட்டுவலி என்று உங்களிடம் வருகிற பாதிப் பேர் அதில் நடப்பார்கள், வேண்டாமென்றாலும் கேட்க மாட்டார்கள். திரும்பி வந்தவர்களை அளந்தால் அது உங்கள் பயிற்சியின் விளைவா, பழனி நடையின் விளைவா என்று எந்தப் புள்ளியியல்காரராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாசி பிறந்த பிறகு வா, கடிதத்தோடு வா என்று அனுப்பினேன். ஷீட் கட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொண்டு போ என்றேன்.