டெக்ஸாஸில் மெடிகேஷன் எய்டு ஆவது எப்படி?

அமெரிக்காவில் முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் நர்சிங் ஹோம்களில் வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது எப்போதும் நர்ஸாகத்தான் இருக்கும் என்றில்லை. பல மாநிலங்களில் அதற்கென்றே அனுமதி பெற்ற மெடிகேஷன் எய்டுகள் இருக்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதனால் இங்கே டெக்ஸாஸை மட்டும் சொல்கிறேன்.

படி 1: முதலில் சி.என்.ஏ. (சான்றிதழ் பெற்ற நர்ஸ் எய்டு, அதாவது நர்ஸின் உதவியாளர்)

எடுத்த எடுப்பில் மெடிகேஷன் எய்டு வகுப்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நர்சிங் ஹோமில் மருந்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நர்ஸ் எய்டு பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும். அதற்கு 100 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஒரு தேர்வு. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது என்று இடுப்பு ஒடிகிற வேலைதான், ஆனால் எந்தப் பாட்டி மாத்திரையைக் கன்னத்தில் அதக்கிவைத்துவிட்டு அப்புறம் துப்புவார் என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும்.

படி 2: தகுதி

18 வயது, பள்ளி டிப்ளமோ அல்லது அதற்குச் சமமான ஜி.ஈ.டி. தேர்வு, ஆங்கிலத்தில் எழுதப் படிக்கப் பேசத் தெரிவது. குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். வகுப்பு தொடங்கும் நாளில் நீங்கள் நர்ஸ் எய்டாக ஏற்கனவே வேலையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படி 3: 140 மணி நேர வகுப்பு

இதில் 100 மணி நேரம் பாடம், மீதி செய்முறையும் நேரடிப் பயிற்சியும். மருந்துப் பெயர்களை உருப்போடுவதைவிட, கொடுப்பதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்று படியுங்கள். டிகாக்ஸின் என்ற இதய மருந்து என்றால் ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து நர்ஸிடம் சொல்ல வேண்டும். லேபிளையும் மருந்துப் பதிவுத்தாளையும் மூன்று முறை ஒப்பிடுங்கள், விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. அவசரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

படி 4: எதைச் செய்யக் கூடாது

என்னைக் கேட்டால் தேர்வுக்கும் வேலைக்கும் இதுதான் முக்கியம். டோஸ் கணக்குப் போடக் கூடாது, டாக்டர் போனில் சொல்லும் ஆர்டரை வாங்கக் கூடாது. ஒருவருக்குப் புதிதாக எழுதிய மருந்தின் முதல் டோஸை நீங்கள் கொடுக்கக் கூடாது. தேவைப்பட்டால் மட்டும் கொடு என்று எழுதியிருக்கும் வலி மாத்திரைக்கும் நர்ஸின் அனுமதி வேண்டும். தாத்தாவால் விழுங்க முடியவில்லையே என்று எக்ஸ்டெண்டட் ரிலீஸ் மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் சாஸில் கலந்துவிட்டால், நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும்.

படி 5: தேர்வும் புதுப்பித்தலும்

மாநிலத் தேர்வில் பாஸானால் பெர்மிட் வரும். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஆண்டுக்கு 7 மணி நேரத் தொடர்கல்வி உண்டு. சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள், வேலை மாறும்போது கேட்பார்கள்.