வளர்ந்த பிள்ளையை டர்பனுக்கு அழைக்க எந்த விசா?

பிள்ளைக்கு 21 வயது தாண்டிவிட்டால் கூப்பிட வழியே இல்லை என்று டர்பனில் வாழும் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். வழி இருக்கிறது. நீங்கள் தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், பிள்ளை 2002 குடிவரவுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் உறவினர் விசா கேட்கலாம். 2 ஆண்டு வரை கிடைக்கும். மாதம் 8,500 ரேண்ட் செலவுக்கு நீங்கள் பொறுப்பேற்றுக் காட்ட வேண்டும்.

ஆனால் இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாவம், வந்த பிறகு தெரிந்தால் மனம் உடைந்துவிடும். நிலையாகத் தங்கும் எண்ணம் இருந்தால் 27ஆம் பிரிவில் நெருங்கிய உறவினருக்கான நிரந்தர வசிப்புரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். நீங்களே வேலை விசாவில் இருந்தால் இந்த இரண்டும் பொருந்தாது. பிள்ளை தன் தகுதியில் படிப்பு விசாவோ வேலை விசாவோ வாங்க வேண்டும்.

அப்புறம், நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் உறவை நிரூபிப்பது சிக்கலாகும். விண்ணப்பிக்கும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த பிள்ளை என்றால் அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.