எடைச் சீட்டிலிருந்து பில் வரை: கோடிங் இல்லாத ஆட்டோமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் சீசன் தொடங்கிவிட்டால் எடை மேடை முன்னால் டிராக்டரும் டெம்போவும் வரிசை கட்டும். ஒவ்வொரு லோடுக்கும் ஓர் எடைச் சீட்டு, அழுகலுக்குக் கழிவு, அப்புறம் பணம் கொடுத்த வவுச்சர். போச்சம்பள்ளிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சின்ன யூனிட்டில் இதையெல்லாம் கூகுள் ஷீட்டும் அதோடு இணைகிற ஓர் ஆட்-ஆனும் (கூடுதல் செயலி) வைத்து கோடிங் இல்லாமலே ஓடவிட்டோம். ஓடத்தான் செய்தது, முதல் பத்து நாள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெரிய தவறு, வாய்வழியாக இருந்த விதியை எழுதி வைக்காமல் வேலையில் இறங்கியது. கழிவு 3 சதவீதம் என்று கேட்டு அப்படியே ஃபார்முலா போட்டோம். மழையில் நனைந்த காய்க்கு முதலாளி நேரில் பார்த்து வேறு கழிவு போடுவார், பழைய ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்பது யார் வாயிலும் வரவில்லை. ஷீட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? விவசாயிகள் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். பிறகு 'முதலாளி ஓகே' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதில் டிக் விழாமல் வவுச்சர் அச்சாகாது.

அடுத்தது தேதி. ஷீட்டின் லொகேல், அதாவது எந்த நாட்டு முறை என்ற செட்டிங், அமெரிக்கா என்று இருந்தால் 05/06 என்று அடிப்பது மே 6 ஆகிவிடும், 13/06 வெறும் எழுத்தாக நிற்கும், அதாவது பாதி தவறு, பாதி குப்பை. செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்ற ஒரு நிமிடம் போதும், நாங்கள் பார்த்தது பத்தாம் நாள்.

பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள். எங்கள் பட்டியலில் முனியப்பன் மட்டும் நாலு பேர். ஆளுக்கொரு எண் கொடுங்கள்.

கூழ் விற்கும் பில்லுக்கு, ஷீட்டில் அது எத்தனையாவது வரியோ அந்த எண்ணையே பில் எண்ணாக வைப்பது இன்னொரு வம்பு. சோதனைக்குப் போட்ட ஒரு வரியை அழித்தால் கீழே உள்ள எல்லா எண்ணும் மாறும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த எண் அப்படியே நிற்கும்படி செய்யுங்கள்.

கணக்குப் பையனின் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். அவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனால் ஆட்டோமேஷனும் அவன் பின்னாலேயே போய்விடும். யூனிட் பெயரில் ஒரு கணக்கு, பாஸ்வேர்ட் முதலாளியிடமும் இருக்கட்டும்.

கார்பன் வைத்த சீட்டுப் புத்தகத்தை நாங்கள் தூக்கிப் போடவில்லை, அது ஒன்றுதான் முதல் நாளே சரியாகச் செய்தது. எடை மேடையில் கரண்ட் போனால் இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறார்கள், சாயங்காலம் ஷீட்டில் ஏற்றுகிறார்கள்.